சென்னையில் புல்தரைக்கு எந்த மாதம் உரம், கோரைக்கு என்ன வழி, புழு வந்தால் என்ன செய்வது?

மேடவாக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று அவர் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். தனி வீடு, வாசலில் 600 சதுர அடிக்குக் கொரியன் புல், போட்டு இரண்டு வருடம் ஆகிறது. போர் தண்ணீர்தான் பாய்கிறது. தோட்டக்காரர் மாதம் ஒரு கிலோ யூரியா தூவுகிறார். அப்படியும் புல் மஞ்சளடிக்கிறது, கோரை ஏறிக்கொண்டே போகிறது, போன மழையில் வட்ட வட்டமாகக் கருகிவிட்டது. அமெரிக்கத் தோட்டக்காரர்கள் போடும் நான்கு பருவ அட்டவணையைப் பார்த்திருக்கிறார். வசந்தத்தில் களை முளைக்காமல் இருக்க மருந்து, கோடையில் புழு மருந்து, இலையுதிர் காலத்தில் குளிர்கால உரம் என்று போகிறது அது. அதை நம் மாதங்களுக்கு மாற்றித் தர முடியுமா, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அங்கேதான் விளையாடுகிறாள், மருந்து அடிக்கலாமா என்று கேட்கிறார்.

அட்டவணை கேட்டாலும் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். புல்லுக்கு எப்போது ஊட்டுவது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. நான் தோட்டக்கலை படித்தவன். சென்னையில் வீட்டுத் தோட்டம், கல்லூரி வளாகம், அலுவலகப் புல்தரை என்று பல வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பூச்சியியல் நிபுணர் இல்லை, உங்கள் தரையை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் எது உறுதியான விஷயம், எது என் வழக்கம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த வெளிநாட்டு அட்டவணை. அது குளிரை வைத்துப் போட்டது. அங்கே குளிர்காலத்தில் புல் தூங்கும், மண் உறையும். வசந்தத்தில் மண்ணின் வெப்பம் சுமார் 13 டிகிரிக்கு ஏறும்போது களை விதைகள் முளைக்க ஆரம்பிக்கும், அதற்குச் சற்று முன்னால் மருந்து போடு என்பதுதான் அவர்கள் கணக்கு. சென்னை மண் அவ்வளவு குளிர்ச்சிக்கு எந்த மாதமும் போவதில்லை. மார்கழி விடியற்காலையில்கூட காற்றே 20 டிகிரி பக்கம்தான் இருக்கும். கொரியன் புல்லும் அருகும் இங்கே வருடம் முழுக்க உயிரோட்டத்தோடு இருக்கும், களை விதையும் ஈரம் கிடைத்த எந்த வாரத்திலும் முளைக்கும். ஆகவே மார்ச்சுக்கு மார்ச், அக்டோபருக்கு அக்டோபர் என்று மாற்றிப் போட்டால் பலன் இருக்காது. அவர்கள் உரம் போடச் சொல்லும் அக்டோபரில் நாம் உரமே போடக் கூடாது.

நம் ஊர்க் கணக்கு மழையை வைத்து. சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. தை, மாசியில் மழை ஓய்ந்து, வெயில் இதமாக, ராத்திரி பனியோடு இருக்கும். பங்குனியில் சூடு ஏறி, சித்திரை வைகாசியில் கத்திரி வெயில். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பகலில் வெயிலும் சாயங்காலம் இடிமழையுமாகப் போகும். புல்லுக்கு மிகப் பிடித்த காலம் இந்தக் கடைசிக் காலம்தான்: சூடும் உண்டு, ஈரமும் உண்டு, வெளிச்சமும் உண்டு. அதற்கு அடுத்தபடி தை, மாசி. நீங்கள் உரத்துக்குச் செலவழிப்பதெல்லாம் இந்த இரண்டு காலத்தில்தான் இருக்க வேண்டும்.

இப்போது அந்த மாதம் ஒரு கிலோ யூரியாவைப் பார்ப்போம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். வருடத்துக்கு 12 கிலோ என்றால் ஐந்தரை கிலோ தழைச்சத்து உங்கள் 600 சதுர அடியில் விழுகிறது. கொரியன் புல் மெதுவாக வளரும் சாதி, பசி குறைவு. அந்த அளவு இடத்துக்கு வருடம் முழுவதற்கும் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ தழைச்சத்து போதும். ஏழு மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. இதில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் போகும், ஒரு பகுதி மழையில் கரைந்து கிணற்றுக்கும் போருக்கும் இறங்கும். மிச்சத்தைப் புல் குடித்துவிட்டு மேலே மேலே பொதபொதவென்று வளரும், வேர் இறங்காது. பழைய தண்டும் காய்ந்த இழையும் சேர்ந்து மண்ணுக்கு மேல் ஒரு நார்மெத்தை உருவாகும். காலை வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா என்று பாருங்கள். அமுங்கினால், கீழே உள்ள மண்ணுக்குத் தண்ணீர் போகவில்லை, பூஞ்சைக்கும் புழுவுக்கும் நல்ல இடம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். போன மழையில் வந்த வட்டக் கருகலுக்கு இது ஒரு காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அளவு என்று கேட்டால் நான் இப்படிச் செய்வேன். ஒரு தடவைக்கு 600 சதுர அடிக்கு 300 கிராம் யூரியா, அதற்கு மேல் வேண்டாம். வருடத்துக்கு நான்கு தடவை. தைப் பொங்கல் முடிந்து மழை ஓய்ந்ததும் ஒன்று, மாசிக் கடைசியில் ஒன்று, ஜூலையில் இரண்டு மூன்று நல்ல சாயங்கால மழை விழுந்த பிறகு ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று. நான்கிலும் சேரும் தழைச்சத்து முக்கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். 300 கிராமை அப்படியே கையில் எடுத்தால் ஒரே இடத்தில் விழும். இரண்டு பக்கெட் சலித்த காய்ந்த மணலோடு கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் பாதியை வடக்கு தெற்காகவும் தூவுங்கள். புல் காய்ந்திருக்கும்போது தூவ வேண்டும், தூவிய உடனே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் யூரியா ஒட்டினால் சுடும். தண்ணீர் விடாமல் மேலே கிடந்தால் நம் சூட்டில் அம்மோனியாவாகப் பறந்துவிடும். இவை இரண்டும் சந்தேகமில்லாத விஷயங்கள். நான்கு தடவையா மூன்றா என்பது மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் சத்து நிற்காது, அங்கே இதே அளவைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போட வேண்டும். உங்கள் பக்கம் களிமண் கலந்த தரை என்றால் மூன்று தடவையே போதுமானதாக இருக்கலாம்.

யூரியாவே வேண்டாம் என்று நினைத்தாலும் வழி இருக்கிறது. வேப்பம்புண்ணாக்கில் சுமார் 5 சதவீதம் தழைச்சத்து, ஆகவே 3 கிலோ பொடித்துத் தூவினால் கிட்டத்தட்ட அந்த 300 கிராம் யூரியாவுக்குச் சமம். மெதுவாகக் கரையும், இலை சுடாது, கொஞ்சம் பூச்சி விரட்டும் குணமும் உண்டு. அந்தக் குணத்தை மட்டும் நம்பிப் புழுவை ஒழித்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். கடலைப்புண்ணாக்கு போட்டால் பெருச்சாளி தேடி வரும், நான் போடுவதில்லை. டி.ஏ.பி.யை வருடா வருடம் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. புல் போடும்போது ஒருமுறை மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொடுத்திருந்தால் பிறகு மண் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் தவிர தேவையில்லை. கூடுதலாகப் போட்ட மணிச்சத்து மழை வெள்ளத்தோடு ஏரிக்குப் போகும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம் இருக்கிற நாம் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொல்வார்களே, அந்த இரண்டு மாதமும் மார்கழி பாதியும் தழைச்சத்து எதுவும் வேண்டாம். மழை கழுவிக்கொண்டு போய்விடும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, மேகமூட்டத்தில் வெளிச்சம் குறைந்து, ராப்பகலாக இலை நனைந்தே இருக்கும்போது இளசாக, சதைப்பற்றாக வளர்ந்த புல்லைப் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். செப்டம்பர் நடுவில் சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ் 200 கிராம் மட்டும் போட்டுத் தண்ணீர் விடுங்கள். சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவான மண்ணில் அது புல்லின் உறுதிக்கு நிச்சயம் உதவும். மண்ணில் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. சிவப்பு நிறத்தில் கிடைக்கும் சாதாரண பொட்டாஷ் விலை குறைவு, ஆனால் அதில் குளோரைடு அதிகம். உப்புத்தன்மை உள்ள போர் தண்ணீரோடு அதையும் சேர்ப்பது நல்லதில்லை. கத்திரி வெயிலிலும் உரம் வேண்டாம், அப்போது புல்லுக்கு வேண்டியது தண்ணீரும் சற்று உயரமான வெட்டும்தான்.

இவ்வளவு யூரியா போட்டும் ஏன் மஞ்சள் என்பது நல்ல கேள்வி. தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலைகள், அதாவது பழைய இலைகள், முதலில் வெளுக்கும். உங்களுக்கு நுனியில் வரும் புது இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் கிட்டத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்படி இருந்தால் அது இரும்புச்சத்துப் பிரச்சினை. சென்னையின் புதுக் குடியிருப்புகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. மனையை மேடாக்கக் கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே நாலு அங்குலம் செம்மண் பரப்பிப் புல்லை விரித்திருப்பார்கள். சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கும், கடினமான போர் தண்ணீர் அதை இன்னும் கூட்டும். காரமண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. எத்தனை மூட்டை யூரியா கொட்டினாலும் அந்த மஞ்சள் போகாது. நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்புதான் (ஃபெரஸ் சல்ஃபேட்) இதற்கு மருந்து. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம், 600 சதுர அடிக்கு 5 லிட்டர் போதும். சாயங்காலம் தெளித்தால் ஒரு வாரத்துக்குள் பச்சை திரும்புவது தெரியும். டைல்ஸ் மேலும் வெள்ளைச் சுவர் மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை பிடித்தால் போகாது. இது தற்காலிக வைத்தியம்தான், இரண்டு மாதத்தில் மஞ்சள் திரும்பலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் மண்ணைப் பரிசோதித்துக் கார அமிலத் தன்மையையும் உப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பக்கத்துக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். செலவு சொற்பம், ஆனால் அந்த ஒரு தாள் கையில் இருந்தால் பாதி யூகங்கள் குறைந்துவிடும்.

தண்ணீரையும் வெட்டையும் பற்றிச் சொல்லாமல் களைக்குப் போக முடியாது, ஏனென்றால் களை வரும் வாசல் அங்கேதான் திறக்கிறது. தினமும் பத்து நிமிடம் டியூபைப் பிடித்துத் தெளிப்பது மேல் அங்குலத்தை மட்டும் நனைக்கும். வேர் அங்கேயே தங்கிவிடும், கோரைக்கோ மேல் ஈரமே கொண்டாட்டம். வாரத்துக்கு ஓர் அங்குல நீர் என்றால் உங்கள் இடத்துக்குச் சுமார் 1400 லிட்டர், அதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து விடுங்கள். கத்திரி நேரத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். காலையில் விடுங்கள். ராத்திரி விட்டால் விடிய விடிய இலை ஈரமாகவே இருக்கும். 2019 ஜூனில் நான்கு ஏரிகளும் வறண்டு நகரமே லாரித் தண்ணீருக்கு நின்றதே, அப்படி ஒரு கோடை மறுபடி வந்தால் புல்லுக்குக் குடிநீர் விடாதீர்கள். நன்றாக வேர் பிடித்த கொரியன் புல் சில வாரம் காய்ந்து பழுப்பாகி, மழைக்குத் துளிர்க்கும். மிதிக்காமல் விட்டால் போதும்.

வெட்டு ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம், ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவும் வேண்டாம். மாதம் ஒருமுறை வந்து ஒட்ட வழித்துவிட்டுப் போகும் பழக்கம் இங்கே நிறைய. கொரியன் புல்லில் பச்சை மேலே மட்டும்தான் இருக்கும், ஒட்ட வெட்டினால் பழுப்புத் தண்டுதான் மிஞ்சும், மண்ணில் வெயில் விழும், அங்கே களை விதை முளைக்கும். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாக வெட்டுங்கள். இன்னொன்று, தினம் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் கொரியன் புல் நிற்காது. மாமரத்தடியில் புல் மெலிந்தால் உரத்தைக் கூட்டாதீர்கள், அந்த இடத்தில் வேறு ஏதாவது நிழல் செடி வையுங்கள்.

சரி, கோரை. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், சென்னையில் புல்தரை வைத்திருக்கும் எல்லோரும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி போலக் கோத்திருக்கும், பெரும்பாலும் மேல் அரை அடிக்குள். சங்கிலியின் நுனிக் கிழங்கு முளைத்திருக்கும்போது மற்றவை தூங்கிக்கொண்டிருக்கும். தோட்டக்காரர் மேலே இலையைப் பிடித்து இழுக்கிறார், அல்லது களைக்கொத்தால் வெட்டுகிறார். சங்கிலி அறுகிறது, தூங்கிய கிழங்குகள் தனித்தனியாக முளைக்கின்றன. அதனால்தான் பிடுங்கப் பிடுங்கக் கூடுவதுபோல் தெரிகிறது, அது உங்கள் பிரமை இல்லை. செய்ய வேண்டியது, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது குறுகலான கம்பியோ பழைய திருப்புளியோ வைத்துக் கிழங்கோடு நெம்பி எடுப்பது. எல்லாக் கிழங்கும் வராது, மறுபடி முளைக்கும். முளைத்து ஐந்தாறு இலை விடுவதற்குள் மறுபடி எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடாமல் செய்தால் கிழங்கில் சேமித்த சத்து தீர்ந்துபோகும். 600 சதுர அடியில் இது நடக்கிற காரியம். இரண்டு மழைக்காலம் பிடிக்கும் என்று மனதை வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து உண்டா என்றால் உண்டு. ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் என்ற மருந்து கோரையின் கிழங்கு வரை போகும், கொரியன் புல்லையும் அருகையும் பெரிதாகப் பாதிக்காது. வெளிநாட்டில் புல்தரைகளுக்கே விற்கிறார்கள். நம் நாட்டில் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் பதிவாகி, செம்ப்ரா என்ற பெயரில் கிடைக்கிறது. வீட்டுப் புல்தரைக்கு என்று அதன் லேபிளில் இருக்காது. ஏக்கருக்கு 36 கிராம் என்ற அளவில் உங்கள் இடத்துக்கு வெறும் அரை கிராம்தான் வரும், சமையலறைத் தராசில் அதை அளக்க முடியாது. கண்ணளவில் போட்டால் பத்து மடங்கு போய்விடும். அதனால் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. தரை முழுக்கக் கோரையாகிவிட்டது என்றால் மட்டும் உரிமம் பெற்ற ஆளை வைத்து, மழை இல்லாத நாளில், கோரை நன்றாக இலை விட்டிருக்கும்போது அடியுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். கிளைபோசேட் பக்கமே போகாதீர்கள், அது கோரையோடு உங்கள் புல்லையும் கொன்றுவிடும்.

கோரை எங்கிருந்து வந்தது என்றும் யோசிக்க வேண்டும். புல் துண்டோடு ஒட்டிய மண்ணிலும், வண்டியில் கொண்டுவந்து கொட்டும் செம்மண்ணிலும், சரியாக மக்காத சாணத்திலும் அது வருகிறது. தை மாதம் மேலே பரப்ப மணலும் மக்கிய உரமும் வாங்கும்போது சலித்து, ஒரு பிடியை நனைத்து இரண்டு வாரம் தொட்டியில் வைத்துப் பாருங்கள். கோரை முளைத்தால் அந்த லோடு வேண்டாம். சலித்த கலவையை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் போதும், உங்கள் இடத்துக்குச் சுமார் பத்துக் கன அடி.

மற்ற களைகளில் அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, சாரணை, மூக்கிரட்டை, வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் கையால் பிடுங்கும் களைகள். பூத்து விதை விடுவதற்குள் எடுத்தால் போதும். நெருஞ்சியும் தொட்டாற்சிணுங்கியும் குழந்தையின் காலில் முள் குத்தும், கண்ணில் பட்டவுடன் எடுங்கள். அகல இலைக் களைக்கு 2,4-டி அடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் புல்லுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் காற்றில் நாலு துளி போனாலும் செம்பருத்தியும் தக்காளியும் சுருண்டுவிடும். பக்கத்து வீட்டு மாடித்தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். முளைக்கும் முன் போடும் பென்டிமெத்தலின் மருந்து விதையில் முளைப்பதை மட்டும் தடுக்கும், கோரைக் கிழங்கை ஒன்றும் செய்யாது. உங்கள் முக்கியப் பிரச்சினை கோரை என்பதால் அதற்குச் செலவழிக்கக் காரணம் இல்லை.

வட்டக் கருகலுக்கு வருவோம். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்களே பிரித்துப் பார்க்கலாம். கருகிய இடத்தைப் பிடித்து இழுத்தால் பாய் போலச் சுருண்டு வந்தால், வேரைப் புழு தின்றிருக்கிறது. புல் கெட்டியாக நின்று, காலைப் பனியில் ஓரத்தில் சிலந்தி வலை போல மெல்லிய பூசணம் தெரிந்தால் பூஞ்சை. காய்ந்த இழை மேல் மண் பூச்சு இருந்தால் கரையான். அது பெரும்பாலும் செத்த நாரைத்தான் தின்னும், நாரை வாரி எடுத்துத் தண்ணீர் விட்டாலே விலகும். நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருந்தால் நாய் மூத்திரம். சாம்பல் தூள் தூவினதுபோல ஒரு நாளில் வந்தால் அது சளிப்பூசணம், புல்லைத் தின்னாது, தண்ணீர் பீய்ச்சினால் போய்விடும். மழையில் வரும் காளானும் மரவட்டையும் மண்புழுவின் உருண்டை மண்ணும் புல்லுக்குக் கெடுதல் இல்லாதவை. மண்புழு இருப்பது நல்ல மண்ணின் அறிகுறி.

பூஞ்சை என்றால் முதலில் யூரியாவை நிறுத்துங்கள், தண்ணீர் தேங்கும் இடத்தில் வடிகால் செய்யுங்கள், தோட்ட முள்கரண்டியால் அரை அடிக்கு ஒரு குத்து என்று குத்தி மண்ணுக்குக் காற்று விடுங்கள். இந்தக் குத்தலை ஆகஸ்டில் ஒருமுறை, தையில் ஒருமுறை வழக்கமாகவே செய்யலாம். வெள்ளம் தேங்கி வடிந்தால் மேலே படிந்த சேற்றை அதே வாரத்தில் கழுவித் தள்ளிவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நான் பார்த்த தரைகளில் சேற்றை உடனே எடுத்தவை தை மாதத்தில் துளிர்த்தன, காய விட்டவை மூச்சு முட்டிப் போயின. பூஞ்சை மருந்து தேவைப்படும் வீட்டுத் தரை குறைவு. வெயில் திரும்பினால் கொரியன் புல் தானாக மூடிக்கொள்ளும்.

புழுவுக்கு முன்கூட்டியே மருந்து போடும் வழக்கம் வேண்டாம். பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கோடை மழை முதல் இரண்டு விழுந்ததும் பழுப்பு வண்டுகள் மண்ணிலிருந்து வெளிவந்து ராத்திரியில் வேம்பிலும் முருங்கையிலும் மொய்க்கும். அவை மண்ணில் முட்டையிட்டு, அதிலிருந்து வரும் வெள்ளை வேர்ப்புழு ஆவணி புரட்டாசியில் பெரிதாகும். வண்டைப் பார்த்த வருடம் ஜூலை ஆகஸ்டில் ஓர் அடிக்கு ஓர் அடி புல்லை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டிப் பாருங்கள். சுருண்ட வெள்ளைப் புழு ஒன்றிரண்டு என்றால் மூடிவிடுங்கள், புல் தாங்கும். ஐந்துக்கு மேல் என்றால் மெட்டாரைசியம் என்ற பூஞ்சைத் தூளை மக்கிய உரத்தில் கலந்து, சாயங்காலம் ஈர மண்ணில் தூவலாம். இன்னொன்று, புழுவைக் கொல்லும் நுண்ணிய நூற்புழு, ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகா. கோயம்புத்தூர் மண்ணில் கண்டெடுத்து 1992-இல் பெயரிட்ட இனம் அது, நம் சூட்டுக்குப் பழகியது. புழு சின்னதாக இருக்கும்போதுதான் இவை இரண்டும் நன்றாக வேலை செய்யும். செப்டம்பரில் விரல் கனத்துக்கு வளர்ந்த புழுவை அவ்வளவு எளிதில் பிடிக்காது.

இலை தின்னும் படைப்புழு வேறு மாதிரி. ராத்திரியோடு ராத்திரியாக இலை நுனி மறையும், காலையில் மைனாவும் கொக்கும் கூட்டமாக வந்து கொத்தும். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் இரண்டு மேசைக்கரண்டியை எட்டு லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். படைப்புழுவும் பிள்ளைப்பூச்சியும் இருந்தால் மேலே வந்துவிடும். வெள்ளை வேர்ப்புழு இதற்கு வராது. படைப்புழு சின்னதாக இருந்தால் பி.டி. பாக்டீரியா மருந்தைப் பொழுது சாயும் நேரத்தில் தெளித்தால் போதும், மற்றதைப் பறவை பார்த்துக்கொள்ளும். மழையில் ஏறும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள், வெறும் கையால் தொட வேண்டாம், மகளையும் தொட விடாதீர்கள்.

உங்கள் தோட்டக்காரரிடம் ஒரு விஷயம் கட்டாயம் கேளுங்கள். திமெட் என்ற குருணை மருந்தைப் பழைய ஆட்கள் புல்தரையில் தூவுவது உண்டு. அதில் இருப்பது ஃபோரேட், மிகக் கொடிய விஷம். இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் அதன் பயன்பாடே தடை. வீட்டில் எங்காவது பழைய பொட்டலம் இருந்தால் திறக்காமல் அப்படியே தனியாகப் பூட்டி வைத்துவிட்டு, வட்டார வேளாண் அலுவலகத்தில் எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். அவரைக் குறை சொல்வதாக இல்லாமல், யூரியா ஏன் குறைக்கிறோம் என்பதையும் உட்கார்ந்து சொல்லுங்கள். பல வீடுகளில் பச்சை குறைந்தால் தன் மேல் பழி வரும் என்ற பயத்தில்தான் அவர்கள் அள்ளிப் போடுகிறார்கள்.

மகள் விளையாடும் இடம் என்பதால், நான் சொன்ன முறையில் வருடம் முழுக்க ரசாயனப் பூச்சி மருந்து ஒன்றுகூட வேண்டியிருக்காது, நானும் அப்படியே வைத்திருக்கச் சொல்வேன். யூரியாவோ பொட்டாஷோ தூவிய அன்று தண்ணீர் விட்டு, இலை காய்ந்து, மறுநாள் காலை வரை அவளை இறக்க வேண்டாம். அன்னபேதி அடித்த அன்றும் அப்படியே, வெள்ளை சாக்ஸோடு ஓடினால் கறையும் படும். வேப்பம்புண்ணாக்கு தூவினால் வாடை போக இரண்டு நாள் ஆகும், ஆபத்து இல்லை. வேறு வழியில்லாமல் களை மருந்து அடிக்க நேர்ந்தால் லேபிளில் போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள், ஒன்றும் போடாவிட்டால் ஒரு தடவை தண்ணீர் விட்டு, மூன்று நாள் கழித்து அவளை விளையாட விடுங்கள். மிச்ச மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், வந்த டப்பாவிலேயே, அவள் கைக்கு எட்டாத அலமாரியில் பூட்டி வையுங்கள்.